லேத்தில் ஃபேஸ் குரூவிங்: முதல் இறக்கம், இன்சர்ட், டூல் பாதை ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஜாபின் (லேத்தில் வெட்டப்படும் பொருளின்) வெளிவட்டத்தில் எடுக்கும் பள்ளத்துக்கும் அதன் முகத்தில் எடுக்கும் பள்ளத்துக்கும் (ஃபேஸ் குரூவிங்) வரைபடத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை; இரண்டுக்கும் அகலம், ஆழம், மூலை ஆரம் என்ற அதே மூன்று அளவுகள்தான் தரப்படுகின்றன. இயந்திரத்தில் ஏற்றியதும் நிலைமை மாறிவிடுகிறது. வெளிவட்டப் பள்ளத்தில் பிளேடு (வெட்டு முனையைத் தாங்கும் மெல்லிய தகடு) இரண்டு தட்டையான சுவர்களுக்கு இடையே இறங்குகிறது. முகப்பில் எடுக்கும் வளையப் பள்ளத்திலோ இரண்டு வளைந்த சுவர்களுக்கு இடையே இறங்க வேண்டியிருப்பதால், பிளேடும் அந்த வளைவுக்கு ஏற்ப வளைந்திருந்தாக வேண்டும். பிளேடு உடைவது, சுவரில் தேய்ப்புக் கோடு விழுவது, வெட்டில் உரியும் உலோகச் சுருள் சிக்குவது, அதிர்வு எழுவது ஆகியவற்றுள் பெரும்பாலானவை இந்த வளைவையும் முதல் இறக்கத்தின் (டூலை முகத்துக்குள் முதல்முறை நேராகச் செலுத்தும் வெட்டின்) விட்டத்தையும் சேர்த்துப் பார்க்காமல் டூலைத் தேர்ந்தெடுப்பதால் வருபவை. ஆகவே முதல் இறக்கம் எந்த விட்டத்தில் விழும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே ஹோல்டரையும் (பிளேடைக் கொண்ட டூல் பிடிப்பானையும்) அதில் பொருத்தும் வெட்டுமுனையான இன்சர்ட்டையும் வெட்டும் வரிசையையும் தேர்ந்தெடுப்பது இந்த வழிகாட்டியின் முறை.

விளக்கம் முழுவதற்கும் ஒரே ஜாபை எடுத்துக்கொள்வோம். இஎன்8 எனும் நடுத்தரக் கார்பன் எஃகில் 90 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு ஃபிளான்ஜ். அதன் முகத்தில் வெளிச்சுவர் விட்டம் 60 மி.மீ., உட்சுவர் விட்டம் 44 மி.மீ., ஆழம் 10 மி.மீ. கொண்ட பள்ளம், அடி மூலைகளில் அதிகபட்சம் 0.4 மி.மீ. ஆரம், இரு வாய் விளிம்புகளிலும் 0.3 மி.மீ. சேம்பர் (விளிம்புச் சாய்வு). பள்ளத்தின் ஆர அகலம் 8 மி.மீ. ஆகிறது.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

இரண்டு சுவர்களில் எது வேலை செய்யும் சுவர் என்பதைக் கண்டறிய வேண்டும். ஓ-ரிங் பள்ளமாக இருந்து அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுமானால், ரிங் வெளிச்சுவரில் சாய்ந்து நிற்கும். அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே வருமானால், அல்லது உட்புறம் வெற்றிடமாக இருந்தால், உட்சுவரில் சாயும். பேரிங் கவரில் ஸ்பிகாட் (துருத்தி நிற்கும் பொருத்து வளையம்) பொருந்தும் பள்ளமாக இருந்தால், பொருந்தும் விட்டமே வேலை செய்யும் சுவர். அந்தச் சுவரின் அளவை நேரடியாகக் கட்டுப்படுத்தும் வகையில் டூல் ஆஃப்செட் (டூலின் நிலையைக் கன்ட்ரோலுக்குச் சொல்லும் திருத்த அளவு) வைக்கப்பட வேண்டும் என்பதால், இதை நிரல் எழுதும் நேரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்ததாக, பள்ளத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் ஹப் அல்லது தண்டு முகத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பிளேடு உள்ளே செல்லும்போது அதன் பின்னால் உள்ள ஹோல்டர் கட்டை அந்த ஹப்பில் மோதக்கூடும். பிளேடின் ஆழத் திறன் போதுமானதாக இருந்தும் டூல் உள்ளே போக முடியாமல் நிற்பது இத்தகைய ஜாபில்தான். பள்ளத்துக்கு வெளியே மெல்லிய விளிம்பு மட்டும் மிஞ்சுமானால், சக்கின் தாடைகள் அதை அழுத்தி வடிவத்தைக் கெடுக்கும். வெட்டு விசையாலும் அது விலகும். நமது ஃபிளான்ஜில் வெளிப்புறம் 15 மி.மீ. சதை இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

பிளேடு ஏன் வளைந்திருக்க வேண்டும்

வெட்டு விளிம்பு அச்சின் மட்டத்தில் நிற்கிறது. அதைத் தாங்கும் பிளேடு அதற்குக் கீழே இறங்கிச் செல்கிறது. வெட்டு விளிம்பிலிருந்து கீழே செல்லச் செல்லப் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் அச்சை நோக்கி வளைகின்றன. அதாவது, வெளிச்சுவர் பிளேடை நெருங்கி வருகிறது. உட்சுவர் பிளேடைவிட்டு விலகிப் போகிறது. பிளேடின் உயரம் 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. ஆரமுள்ள வெளிச்சுவர் அந்த உயரத்துக்குள் ஏறத்தாழ 4 மி.மீ. உள்ளே வந்துவிடுகிறது. 4 மி.மீ. அகலமுள்ள நேரான பிளேடு அந்த இடத்தில் தன் முழு அகலத்துக்குச் சுவருக்குள் புகுந்தாக வேண்டும், அது நடக்காது. ஆரம் 100 மி.மீ. ஆகும்போது இதே விலகல் 1.1 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சிறிய விட்டப் பள்ளங்கள் கடினமாகவும் பெரிய விட்டப் பள்ளங்கள் எளிதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒவ்வொரு ஃபேஸ் குரூவிங் ஹோல்டருக்கும் இரண்டு எல்லைகள் உருவாகின்றன. பிளேடின் வெளிப்பக்க வளைவு குறைந்தபட்ச விட்டத்தை நிர்ணயிக்கிறது. அதைவிடச் சிறிய விட்டத்தில் இறக்கினால் பிளேடின் கீழ்ப்பகுதி வெளிச்சுவரில் உரசும். பிளேடின் உட்பக்க வளைவு அதிகபட்ச விட்டத்தை நிர்ணயிக்கிறது; அதைவிடப் பெரிய விட்டத்தில் உட்சுவர் போதிய அளவு விலகாததால் பிளேடின் உட்பக்கம் அதில் உரசும். கேட்டலாக்கில் தரப்படும் விட்ட வரம்பு இந்த இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டது. அது முதல் இறக்கத்தின் வெளிவிட்டத்துக்கு மட்டுமே பொருந்துவது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலர் அதை முடிந்த பள்ளத்தின் விட்டத்தோடு ஒப்பிட்டுவிட்டு, தம்மிடம் உள்ள டூல் பொருந்தாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதல் இறக்கம் முடிந்துவிட்டால் பிளேடின் ஒரு பக்கத்தில் திறந்த இடம் கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து அச்சை நோக்கி அகலப்படுத்தும்போது வெளிப்பக்கம் காலியாக இருக்கிறது. எதிர்ப்படும் உட்சுவர் மேலும் சிறிய ஆரமுடையதாகி இன்னும் வேகமாக விலகுகிறது. வெளியே அகலப்படுத்தும்போது உட்பக்கம் காலியாக இருக்கிறது. வெளிச்சுவர் பெரிய ஆரமுடையதாகி மெதுவாகவே நெருங்குகிறது. இரு திசைகளிலும் உரசலுக்கு வழியில்லை.

முதல் இறக்கத்தின் விட்டச் சாளரம்

ஆகவே ஹோல்டரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது: முதல் இறக்கத்தின் வெளிவிட்டம் எந்தச் சிறிய அளவிலிருந்து எந்தப் பெரிய அளவு வரை இருக்கலாம்? பெரிய எல்லை, பள்ளத்தின் வெளிச்சுவர் விட்டத்திலிருந்து ஃபினிஷ் அலவன்ஸின் (கடைசி வெட்டுக்காகச் சுவரில் விடும் சதையின்) இருமடங்கைக் கழித்தது. சிறிய எல்லை, உட்சுவர் விட்டத்துடன் ஃபினிஷ் அலவன்ஸின் இருமடங்கையும் இன்சர்ட் அகலத்தின் இருமடங்கையும் கூட்டியது. நமது ஜாபில் ஒவ்வொரு சுவரிலும் 0.2 மி.மீ. விட்டு 4 மி.மீ. இன்சர்ட்டைப் பயன்படுத்தினால், பெரிய எல்லை 59.6 மி.மீ.; சிறிய எல்லை 44.4 உடன் 8 கூட்டி 52.4 மி.மீ. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஏதேனும் ஒரு விட்டம் ஹோல்டரின் வரம்புக்குள் வந்தால் அந்த ஹோல்டரால் இந்தப் பள்ளத்தை எடுக்க முடியும்.

இதன் விளைவுகள் நடைமுறையில் முக்கியமானவை. ஒரு ஹோல்டரின் வரம்பு 60 முதல் 95 மி.மீ. என்றிருந்தால், பள்ளம் 60 மி.மீ. என்பதைப் பார்த்து அதை எடுத்துவிடத் தோன்றும். ஆனால் அலவன்ஸ் விட்ட முதல் இறக்கம் 59.6 மி.மீ. விட்டத்தில் விழுவதால் அது வரம்புக்கு வெளியே இருக்கிறது. மாறாக, 40 முதல் 55 மி.மீ. வரம்புள்ள ஹோல்டர் முதல் பார்வையில் பொருந்தாததாகத் தெரிந்தாலும், 54 மி.மீ. விட்டத்தில் முதல் இறக்கத்தைச் செய்து இரு பக்கமும் அகலப்படுத்தினால் வேலையை முடித்துவிடும். இரண்டும் கிடைக்குமானால் 50 முதல் 75 மி.மீ. போன்ற வரம்புள்ள ஹோல்டரையே நான் எடுப்பேன். பெரிய விட்டத்துக்குரிய பிளேடில் வளைவு குறைவு, குறுக்குவெட்டு வலிமை அதிகம். முதல் இறக்கத்தையும் வெளிச்சுவரை ஒட்டியே தொடங்க முடிகிறது.

எழுத்தழிந்த பழைய ஹோல்டரின் வரம்பு தெரியாவிட்டால், முதல் இறக்கத்தின் இரு வட்டங்களையும் உண்மை அளவில் தாளில் வரைந்து, வெட்டு விளிம்பு மையக்கோட்டின் மேல் அமையுமாறு பிளேடின் முனையை நிறுத்திப் பார்க்கலாம். பிளேடின் அடிப்பகுதி எந்த வட்டத்தைத் தாண்டுகிறதோ அந்தச் சுவரில் அது உரசும். சிறு பட்டறைகளில் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) துண்டைக் கையால் சாணை பிடித்து இந்த வேலையைச் செய்பவர்களுக்கும் இதே வரைபடம் பயன்படும்: துண்டின் வெளிப்பக்கத்தை வெளிச்சுவரைவிடச் சிறிய ஆரத்தில் உருட்டிவிட வேண்டும், உட்பக்கத்தை அவ்வளவு தொட வேண்டியதில்லை.

வளைவின் திசையையும் இதே கட்டத்தில் உறுதி செய்ய வேண்டும். வலக்கை, இடக்கை என்ற பிரிவும் ஏ வளைவு, பி வளைவு என்ற பிரிவும் ஸ்பிண்டில் சுழலும் திசையையும் இன்சர்ட் மேல்நோக்கி நிற்கிறதா கீழ்நோக்கி நிற்கிறதா என்பதையும் பொறுத்தவை. கேட்டலாக்கின் படம் குழப்பினால் ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்: டரட்டில் (டூல்களைத் தாங்கும் சுழல் தலையில்) ஏற்றிய நிலையில் பிளேடின் புடைத்த பக்கம் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும், குழிந்த பக்கம் அச்சைப் பார்க்க வேண்டும். இது மாறியிருந்தால் எந்த வரம்பும் பொருந்தாது.

இன்சர்ட்டின் அகலமும் பிளேடின் நீளமும்

பிளேடு பக்கவாட்டில் வளைவதற்கு எதிரான விறைப்பு அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வெளியே நீளும் அளவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. 3 மி.மீ. அகலத்திலிருந்து 4 மி.மீ. அகலத்துக்கு மாறினால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு ஆகிறது, 20 மி.மீ. நீளும் பிளேடுக்குப் பதிலாக 15 மி.மீ. நீளும் பிளேடை எடுத்தாலும் அதே 2.4 மடங்கு. ஆகவே பள்ளத்தின் ஆழத்துக்குப் போதுமான மிகக் குட்டையான பிளேடையும், பள்ளத்துக்குள் வசதியாக அசையக்கூடிய மிக அகலமான இன்சர்ட்டையும் எடுக்க வேண்டும். 10 மி.மீ. ஆழத்துக்கு 25 மி.மீ. ஆழத்திறனுள்ள பிளேடைப் பயன்படுத்துவது, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் அதிர்வை விலைக்கு வாங்குவதாகும்.

வசதியாக அசைவது என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. முதல் இறக்கத்துக்குப் பின் வரும் ஒவ்வொரு இறக்கமும் இன்சர்ட் அகலத்தில் 0.5 முதல் 0.8 பங்கு வரை எடுக்கும்போது சுருள் நன்றாக உடைகிறது. நமது பள்ளத்தின் ரஃப் அகலம் (ஃபினிஷ் அலவன்ஸ் நீக்கிய முதல்கட்ட அகலம்) 7.6 மி.மீ. 3 மி.மீ. இன்சர்ட்டால் முதல் இறக்கத்துக்குப் பின் 4.6 மி.மீ. மிஞ்சும், இரண்டு இறக்கங்களில் தலா 2.3 மி.மீ., அதாவது 0.77 பங்கு. 4 மி.மீ. இன்சர்ட்டால் 3.6 மி.மீ. மிஞ்சும், ஒரே இறக்கத்தில் எடுத்தால் 0.9 பங்கு, இரண்டில் எடுத்தால் தலா 1.8 மி.மீ., அதாவது 0.45 பங்கு. இரண்டு அகலங்களுக்கும் மூன்று இறக்கங்களே தேவைப்படுவதால், பங்கு சற்றுக் குறைந்தாலும் விறைப்பு அதிகமுள்ள 4 மி.மீ. இன்சர்ட்டே சிறந்த தேர்வு. 6 மி.மீ. இன்சர்ட்டை இங்கே தவிர்க்க வேண்டும். இரண்டாவது இறக்கத்துக்கு அதன் அகலத்தில் கால் பங்கு மட்டுமே மிஞ்சும், முதல் இறக்கத்தில் வெட்டு விசையும் தேவையின்றி உயரும்.

இரண்டு முனைகள் கொண்ட இன்சர்ட் மலிவாக முடியும். ஆனால் பின்முனையும் பள்ளத்துக்குள் போக நேரும் ஆழத்தில் அது சுவரில் உரசக்கூடும் என்பதால், ஆழமான பள்ளங்களுக்கு ஒற்றை முனை இன்சர்ட் பாதுகாப்பானது. இஸ்காரின் ஹெலிஃபேஸ் வகையில் இன்சர்ட்டையே முறுக்கி அமைத்து இந்தத் தடையைக் குறைத்திருக்கிறார்கள். ஓரிரு மி.மீ. ஆழமே உள்ள பள்ளங்களில் பிளேடு உள்ளே போவதே இல்லை; இன்சர்ட்டின் முனை மட்டும் இறங்கினால் போதும். அப்போதும் அந்த இன்சர்ட்டுக்கென்று தரப்பட்ட குறைந்தபட்ச விட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முனை வடிவம், மூலை ஆரம், கிரேடு

இன்சர்ட்டின் மேற்பரப்பில் உள்ள சிப் பிரேக்கர் இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, சுருளைப் பள்ளத்தின் அகலத்தைவிடக் குறுகலாக மடிப்பது. அப்படி மடிந்த சுருள் சுவர்களைத் தொடாமல் வெளியே வரும். மடியாத சுருள் இரு சுவர்களிலும் உரசிக்கொண்டு வந்து ஃபினிஷைக் கெடுக்கும் அல்லது உள்ளேயே சிக்கும். நேராக இறக்குவதற்கென்றே அமைந்த வடிவங்கள், இறக்கிவிட்டுப் பக்கவாட்டிலும் நகர்த்துவதற்கு அமைந்த வடிவங்கள், முழு வட்ட முனை கொண்டவை என்று மூன்று பெரும் பிரிவுகள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. சாண்ட்விக் கோரோகட் வரிசையில் ஜிஎஃப், ஜிஎம் என்பவை இறக்கத்துக்கும், டிஎஃப், டிஎம் என்பவை பக்கவாட்டு நகர்வுக்கும், ஆர்எம் என்பது வட்ட முனைக்கும் உரியவை. நமது ஜாபில் அடித்தளத்தைப் பக்கவாட்டில் ஃபினிஷ் செய்யப் போவதால் டிஎஃப் போன்ற வடிவம் பொருந்தும். இறக்கத்துக்கென்று மட்டும் அமைந்த வடிவத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சுருள் கட்டுப்பாடின்றி நீளும்.

மூலை ஆரத்தை வரைபடம் அனுமதிக்கும் அதிகபட்ச அளவிலேயே எடுக்க வேண்டும். 0.4 மி.மீ. அனுமதிக்கப்பட்டிருக்கும்போது 0.2 மி.மீ. மூலையை எடுப்பது முனையை வீணாகப் பலவீனப்படுத்துவது.

கிரேடை (கார்பைடின் தரவகையை) பொறுத்தவரை, இஎன்8 போன்ற எஃகுக்கு ஐ.எஸ்.ஓ. பி25 அல்லது பி30 வட்டாரத்திலுள்ள, பிவிடி பூச்சுடைய, சற்று உறுதியான கார்பைடு போதும். சாதாரண டர்னிங்குக்கு எடுக்கும் கடினமான கிரேடு இங்கே முனை உதிர்வதற்கு இடமளிக்கும். துருப்பிடிக்காத எஃகுக்கு எம் பிரிவில் கூர்மையான முனையும், அலுமினியத்துக்குப் பூச்சில்லாத, மெருகேற்றிய, மிகக் கூர்மையான முனையும் தேவை. இன்கோனல் 718 போன்ற உலோகங்களில் வட்ட முனையுடன் சரிவாக இறங்கும் பாதை நீடித்து உழைக்கிறது. நேர் இறக்கத்தில் அந்த உலோகம் ஒரே ஆழத்தில் முனையை அறுத்துவிடுகிறது.

பாதையைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளத்தின் ஆழம் அதன் அகலத்தைவிட அதிகமாக இருந்தால் பல இறக்கங்களாக எடுப்பதே முதல் தேர்வு. இந்த முறையில் விசை பிளேடின் நீளவாக்கில், அதாவது பிளேடு மிக வலிமையாக இருக்கும் திசையில் செல்கிறது. அகலம் ஆழத்தைவிட அதிகமாக இருந்தால், ஒரு முறை இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் நகர்த்தி அடுக்கடுக்காக எடுப்பது விரைவாக முடியும். ஜாபோ அமைப்போ பலவீனமாக இருந்தால் முனையைச் சரிவாக இறக்கிக்கொண்டே நகர்த்தும் பாதை விசையைக் குறைக்கும். அதற்கு வட்ட முனை சிறந்தது, நேரம் மட்டும் கூடுதலாகச் செலவாகும். நமது பள்ளத்தின் ஆழம் 10, அகலம் 8. ஆகவே பல இறக்கங்கள்.

வரிசை வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். முதல் இறக்கத்தில் இன்சர்ட்டின் முழு அகலமும் வெட்டுவதால் சுருள் இரு பக்கமும் அடைபட்டு வருகிறது. அது உடையாவிட்டாலும் ஒழுங்காக வெளியே வந்தால் போதும் என்று ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் அளவை) குறைவாக வைக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இறக்கங்களில் சுருளுக்கு ஒரு பக்கம் இடம் கிடைப்பதால் அது உடைகிறது. அங்கே ஃபீடை 30 முதல் 50 விழுக்காடு உயர்த்தலாம், உயர்த்தவும் வேண்டும். வெளிவிளிம்பு மிக மெல்லியதாக உள்ள ஜாபில் மட்டும் இந்த வரிசையை மாற்றி, முதல் இறக்கத்தை உட்பக்கம் தள்ளி, மெல்லிய சுவரைக் கடைசியில் தொடுவது நல்லது.

பக்கவாட்டில் நகர்த்தும் பாதையை எடுப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நகர்த்தும்போது பிளேடு சற்று வளைந்தால்தான் முனையின் பின்பகுதி அடித்தளத்தில் உரசாமல் இடைவெளி கிடைக்கும். அதனால் வெட்டு ஆழம் மூலை ஆரத்தைவிட அதிகமாகவும், இன்சர்ட் அகலத்தில் முக்கால் பங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இறக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் இடத்தில் 0.1 மி.மீ. பின்வாங்கிவிட்டு நகர்த்த வேண்டும். சுவர் வரை முழுமையாக மோதவிடாமல், ஒவ்வொரு அடுக்கையும் முந்தைய அடுக்கைவிடச் சற்று முன்னதாகவே நிறுத்த வேண்டும்.

டூலை ஏற்றுதலும் சரிபார்த்தலும்

வெட்டு விளிம்பின் மைய உயரம் 0.1 மி.மீ. எல்லைக்குள் இருக்க வேண்டும். இன்சர்ட் மேல்நோக்கி நிற்கும் அமைப்பில், விளிம்பு மையத்துக்குக் கீழே போனால் வெளிச்சுவர்ப் பக்கத்து இடைவெளியும், மேலே போனால் உட்சுவர்ப் பக்கத்து இடைவெளியும் குறைகின்றன. விட்டம் சிறியதாக இருக்கும்போது இந்த இழப்பு பெரிதாகிறது. பிறகு பிளேடின் பக்கம் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று டயலை பிளேடின் நேரான பகுதியில் வைத்து, இசட் அச்சில் (ஸ்பிண்டில் அச்சின் நீளவாக்கில்) நகர்த்திப் பார்க்க வேண்டும். சாய்வு இருந்தால் ஆழம் கூடக்கூட ஒரு சுவர் தேயும். ஹோல்டரைச் சரியாக அமர்த்தாமல் நிரலில் திருத்தம் செய்து இதைச் சமாளிக்க முடியாது.

ஆஃப்செட்டை எந்த மூலைக்கு வைக்கிறோம் என்பதை நிரலின் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். வெளிமூலைக்கும் உள்மூலைக்கும் தனித்தனி ஆஃப்செட் எண்கள் தருவதை நான் வலியுறுத்துவேன்: டி0505 வெளிச்சுவருக்கும், டி0515 உட்சுவருக்கும் என்பது போல. அப்போது இன்சர்ட்டின் உண்மையான அகலம் 3.98 ஆக இருந்தாலும் 4.03 ஆக இருந்தாலும் இரு சுவர்களையும் ஒன்றையொன்று பாதிக்காமல் திருத்த முடியும்.

வேகம், ஃபீட், நிரல்

இஎன்8-க்கு வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு 120 மீட்டரில் தொடங்கலாம். 60 மி.மீ. விட்டத்தில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 637 சுற்று. வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளையைப் பயன்படுத்தினால் உள்ளே செல்லச் செல்லச் சுற்று கூடும் என்பதால் ஜி50-இல் உச்ச வரம்பு வைக்க வேண்டும். இந்த ஜாபுக்கு 1500 போதும். முதல் இறக்கத்தில் ஃபீட் சுற்றுக்கு 0.06 மி.மீ., அடுத்த இரண்டுக்கும் 0.09 மி.மீ. துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் 80 முதல் 100 மீட்டர் வேகத்தில் தொடங்குவது பொருத்தம்.

வெளிமூலையை அடிப்படையாகக் கொண்டால் மூன்று ரஃப் இறக்கங்களும் எக்ஸ்59.6, எக்ஸ்56.0, எக்ஸ்52.4 ஆகிய இடங்களில், இசட்-9.9 வரை விழும் (எக்ஸ் என்பது விட்டம், இசட் என்பது ஆழம்). ஃபேனுக் கன்ட்ரோலில் பல இறக்கங்களைத் தானே செய்யும் ஜி74 சுழற்சி இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அதில் எல்லா இறக்கங்களுக்கும் ஒரே ஃபீடுதான் என்பதால், முதல் இறக்கத்தை ஜி01 என்ற நேர்கோட்டு வெட்டுக் கட்டளையால் தனியாக எழுதிவிட்டு மற்ற இரண்டை மட்டும் எக்ஸ்56.0-இல் நின்று சுழற்சியிடம் ஒப்படைப்பது நல்லது. முதல் வரி ஜி74 ஆர்0.2, இரண்டாவது வரி ஜி74 எக்ஸ்52.4 இசட்-9.9 பி1800 க்யூ2000 எஃப்0.09. இங்கே முதல் வரியின் ஆர் என்பது சிறு இறக்கங்களுக்கு இடையே பின்வாங்கும் அளவு. பி என்பது ஆரக் கணக்கில் மைக்ரான் அளவிலான பக்க நகர்வு. க்யூ என்பது ஒவ்வொரு சிறு இறக்கத்தின் ஆழம். பழைய கன்ட்ரோல்களில் எழுதும் வடிவம் மாறுவதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுழற்சியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இரண்டாவது வரியிலும் ஆர் என்ற ஒரு மதிப்பைத் தரலாம். அது அடியை அடைந்ததும் டூலைப் பக்கவாட்டில் விலக்கிவிட்டுப் பின்னால் எடுக்கும். முதல் இறக்கத்தையும் சுழற்சியிடமே விட்டவர்களுக்கு அங்கே விலகுவதற்கு இடமே இல்லை. பிளேடு சுவரில் மோதி உடையும். ஃபேஸ் குரூவிங்கில் அந்த ஆர் மதிப்பை எழுதாமல் விட்டுவிட வேண்டும்.

சிறுசிறு இறக்கங்களுக்கு இடையே 0.2 மி.மீ. பின்வாங்குவது சுருளைத் துண்டாக்கப் போதுமானது. ஒவ்வொரு முறையும் டூலை முழுவதுமாக வெளியே எடுத்தால், கூலண்ட் வலுவாக இல்லாத இயந்திரத்தில் சுருள் பள்ளத்துக்குள் விழுந்து, மீண்டும் இறங்கும் முனைக்கு அடியில் சிக்குகிறது. கூலண்ட் பிளேடின் உள்வழியாக முனைக்கே வந்தால் மிக நன்று. வெளிக்குழாய் மட்டும் உள்ள இயந்திரத்தில் அதன் வாயைப் பள்ளத்துக்குள் நேராகத் திருப்பி வைக்க வேண்டும். முகம் மேல்நோக்கி இருக்கும் வி.டி.எல். (செங்குத்து லேத்) இயந்திரங்களில் சுருள் தானாக விழ வழியில்லாததால் காற்றோ அழுத்தமான கூலண்டோ கட்டாயம் தேவை.

ஃபினிஷ் பாதை

முகத்தை ரஃப் செய்த பின் பள்ளத்தை எடுத்து, பள்ளத்தின் ரஃப் முடிந்ததும் முகத்தின் கடைசி ஃபினிஷை எடுத்துவிட்டால் வாய் விளிம்பில் எழுந்த பிசிறு அதிலேயே போய்விடும். அதன்பின் வெளிமூலை ஆஃப்செட்டில் எக்ஸ்61.0 இசட்0.2-இல் தொடங்கி, சாய்வாக எக்ஸ்60.0 இசட்-0.3-க்கு வந்து சேம்பரை எடுத்து, அங்கிருந்து 0.06 ஃபீடில் இசட்-10.0 வரை வெளிச்சுவரை ஃபினிஷ் செய்து, அப்படியே அடித்தளத்தில் அச்சை நோக்கி எக்ஸ்52.6 வரை நகர்ந்து, சாய்வாக விலகி வெளியே வர வேண்டும். அந்த இடத்தில் நின்றால் இன்சர்ட்டின் உள்மூலை உட்சுவரின் அலவன்ஸைத் தொடாமல் 0.1 மி.மீ. தள்ளியே இருக்கும். அடுத்து உள்மூலை ஆஃப்செட்டுக்கு மாறி, எக்ஸ்43.0 இசட்0.2-இலிருந்து எக்ஸ்44.0 இசட்-0.3-க்கு வந்து, இசட்-10.0 வரை இறங்கி, சுவரைத் தேய்க்காமல் எக்ஸ்44.4-க்கு விலகி வெளியே எடுக்கலாம். மூலை ஆரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சேம்பர் சிறிதாக வரும். கன்ட்ரோலின் ஆர ஈடுசெய்தலையோ கேம் (நிரலைத் தானே உருவாக்கும்) மென்பொருளின் கணக்கையோ பயன்படுத்துவது நல்லது.

வாயுவை அடைக்கும் ஓ-ரிங் பள்ளமாக இருந்தால் அடித்தளத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கவாட்டு ஃபீடால் விழும் கோடு உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை ஒரே சுருள்கோடாகத் தொடர்கிறது. நேர் இறக்கத்தில் விழும் கோடுகள் தனித்தனி வட்டங்களாக நிற்கின்றன. கசிவுக்கு வழி தராதவை பின்னவை. குறுகிய ஓ-ரிங் பள்ளங்களில், இயன்றால் பள்ளத்தின் அகலத்துக்கு நெருங்கிய இன்சர்ட்டால் நேராக இறக்கி முடிப்பது இதனால்தான் சிறந்தது. அடியில் இரண்டு சுற்றுகள் நின்றால் போதும். 637 சுற்றில் அது ஏறத்தாழ 0.19 வினாடி. அதற்கு மேல் நிறுத்தினால், குறிப்பாகத் துருப்பிடிக்காத எஃகில், அடித்தளம் தேய்ந்து இறுகி அடுத்த வெட்டைக் கெடுக்கும்.

குறிகளைப் படித்தல்

முதல் ஜாபை எடுத்ததும் டூலைக் கழற்றிப் பிளேடின் இரு பக்கங்களையும் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தின் கீழ்ப்பகுதி பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் முதல் இறக்கத்தின் விட்டம் வரம்புக்குக் கீழே இருக்கிறது, அல்லது முனை மையத்துக்குத் தாழ்ந்திருக்கிறது. உட்பக்கம் தேய்ந்திருந்தால் விட்டம் வரம்பைத் தாண்டியிருக்கிறது, அல்லது முனை உயர்ந்திருக்கிறது. கீழ்ப்பகுதியில் மட்டுமின்றி ஒரு பக்கம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் ஹோல்டர் சாய்ந்திருக்கிறது.

கீச்சென்ற ஒலி எழும்போது பலரும் முதலில் குறைப்பது ஃபீடை. அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்குகிறது. மிகக் குறைந்த ஃபீடில் முனை வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கத் தொடங்குகிறது. முதலில் வேகத்தை 15 முதல் 20 விழுக்காடு குறைத்து, ஃபீடைச் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பிளேடின் நீளம், மைய உயரம், ஹோல்டர் போல்ட்டுகள், ஜாபின் பிடிமானம் என்ற வரிசையில் தேட வேண்டும்.

அளவு பார்க்கையில், சாதாரண வெர்னியரின் தடித்த தாடைகள் பள்ளத்துக்குள் சுவரைச் சரியாகத் தொடாது. கத்திமுனைத் தாடைகளுள்ள வெர்னியரோ, இதற்கென்று உள்ள குரூவ் கேஜோ வேண்டும். ஆழத்துக்கு டெப்த் மைக்ரோமீட்டரைப் பயன்படுத்தும்போது அதன் தண்டு மூலை ஆரத்தின் மேல் ஏறி நிற்காமல் அடித்தளத்தின் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சர்ட்டை மாற்றிய ஒவ்வொரு முறையும் இரு ஆஃப்செட்டுகளிலும் சுவருக்கு 0.1 மி.மீ. சதை மிஞ்சுமாறு ஈடு கொடுத்து ஃபினிஷ் பாதையை ஒருமுறை ஓட்டி, இரு விட்டங்களையும் அளந்து, வெளிமூலைக்கும் உள்மூலைக்கும் தனித்தனியே திருத்தம் கொடுத்த பின் கடைசி ஃபினிஷை ஓட்ட வேண்டும்.